கொல்லைப்புறத்தில் ஒரு மீட்டர் கேஜ்

ரயில் பைத்தியங்களில் பல ரகம் உண்டு. டைம் டேபிளை மனப்பாடம் செய்கிறவர்கள், எஞ்சின் நம்பரை நோட்டில் குறிக்கிறவர்கள், ஜன்னல் ஓர சீட்டுக்காகக் கூடப் பிறந்தவனையே பகைத்துக்கொள்கிறவர்கள் (நான்தான்). இவை தவிர இன்னொரு ரகம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்தில், வெயிலிலும் மழையிலும், செடிகொடிகளுக்கு நடுவே நிஜமாகவே ஓடுகிற சின்ன ரயில் போடுகிறவர்கள். கார்டன் ரயில்வே என்பார்கள். நான்கு வருஷமாக நானும் அந்த ரகம்.

இதை முதலில் பார்த்தது நியூயார்க்கில். பிராங்க்ஸ் பகுதியில் இருக்கிற தாவரவியல் பூங்காவில் 1992 முதல் குளிர்காலந்தோறும் கண்ணாடி மாளிகைக்குள் ரயில் கண்காட்சி நடத்துகிறார்கள். மரப்பட்டை, விதை, சுள்ளி என்று செடிகளில் இருந்து கிடைப்பதை வைத்தே நகரத்துக் கட்டடங்களைச் செய்து வைத்து, அவற்றுக்கு நடுவே ரயில் விடுவார்கள். கூட வந்தவர்கள் எல்லாரும் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார் வீட்டம்மா. ஆமாம், அப்போதே ஆரம்பித்துவிட்டது.

கொஞ்சம் சரித்திரம். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் லேமன் என்று ஒரு பழைய பொம்மைக் கம்பெனி. 1968-ல் அவர்கள் எல்.ஜி.பி. என்ற பெயரில் ஒரு பெரிய சைஸ் ரயிலைக் கொண்டுவந்தார்கள். மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது, தோட்டத்தில் போடலாம் என்பதுதான் அதன் விசேஷம். தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர். அளவு 1:22.5, அதாவது நிஜத்தில் இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. கம்பெனி 2006-ல் திவாலாகி, 2007-ல் மெர்க்லின் கைக்குப் போய்விட்டது. ஆனால் அந்த 45 மில்லி மட்டும் உலகம் பூராவும் நிலைத்துவிட்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 45-ஐ 22.5-ஆல் பெருக்குங்கள். 1012 வருகிறதா? ஐரோப்பிய மலை ரயில்களின் ஆயிரம் மில்லி அகலத்தை மனதில் வைத்துதான் லேமன் இந்த அளவைத் தேர்ந்தெடுத்தது. ஆயிரம் மில்லி என்றால் ஒரு மீட்டர். நம்ம ஊர் மீட்டர் கேஜ்! 1873-ல் டெல்லி–ரெவாரியில் முதல் வண்டி ஓடியதே, அந்த மீட்டர் கேஜ். ஊட்டி ரயிலில் இன்றைக்கும் இருக்கிற அதே மீட்டர் கேஜ். எழும்பூரில் இருந்து செங்கோட்டைக்கு ராத்திரி பூராவும் ஆடி ஆடிக் கொண்டுவந்து சேர்த்ததே, அதே மீட்டர் கேஜ். இந்தக் கணக்கைப் போட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

(அமெரிக்காவில் இதே 45 மில்லி தண்டவாளத்தில் 1:20.3, 1:29, 1:32 என்று ஆளுக்கு ஒரு அளவில் வண்டி விட்டு, எல்லாவற்றையும் 'ஜி ஸ்கேல்' என்று கூப்பிடுகிறார்கள். அந்தக் குழப்பத்துக்குள் போனால் இன்றைக்குத் திரும்பி வரமுடியாது. விட்டுவிடுவோம்.)

எனக்கு ஏன் மீட்டர் கேஜ் மேல் இவ்வளவு பாசம் என்றால், அப்பா ரயில்வேயில் பி.டபிள்யு.ஐ. பெர்மனன்ட் வே இன்ஸ்பெக்டர். தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி, இவற்றுக்குப் பொறுப்பானவர். பல வருஷம் மதுரை டிவிஷனில் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் வேலை. பகவதிபுரம், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று ஸ்டேஷன் பெயர்களைத் தாலாட்டு மாதிரி கேட்டு வளர்ந்தவன் நான். 1904-ல் திறந்த பாதை அது. 2010-ல் மீட்டர் கேஜை நிறுத்தினார்கள், 2018-ல் அகலப்பாதையாகத் திரும்ப வந்தது. நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அப்பா 2003-லேயே ரிட்டையர் ஆகிவிட்டார். அவர் தட்டித் தட்டிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த தண்டவாளம் எதுவும் இன்றைக்கு அங்கே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். நாங்கள் இருப்பது ஒஹாயோவில் கொலம்பஸுக்குப் பக்கத்தில். பின்பக்கம் புல்வெளி, வேலியோரம் ஒரு மேப்பிள் மரம். மண் நல்ல களிமண். மழை பெய்தால் கொழுக்கட்டை பிடிக்கலாம், வெயிலடித்தால் பிளந்துகொள்ளும். குளிர்காலத்தில் இரண்டரை, மூன்று அடி ஆழம் வரைக்கும் தரை உறையலாம் என்று எண்ணித்தான் இங்கே வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள்.

தோட்டத்து ரயிலில் கஷ்டமே இந்த இடத்தில்தான். தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் பெருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். களிமண் மாதிரிப் பொடிமண்ணில் இன்னொன்று நடக்கிறது. உறைகிற இடம் கீழே இருக்கிற ஈரத்தை, விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி மேலே இழுக்கும். அது அங்கேயே அடை அடையாக ஐஸாகும். அடை தடிக்கத் தடிக்க மேலே இருக்கிற எதையும் தூக்கிவிடும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தூக்கினால் பரவாயில்லை, அப்படித் தூக்காது. இங்கே அரை அங்குலம், மூன்றடி தள்ளி ஒன்றுமில்லை. நமக்கு அரை அங்குலம் தூசு. 45 மில்லி ரயிலுக்கு அது மலை.

பாதைக்கு அடித்தளம் போட மூன்று வழி சொல்வார்கள். ஒன்று, பள்ளம் தோண்டி ஜல்லியைக் கொட்டி அதன்மேல் தண்டவாளத்தை மிதக்க விடுவது. சுலபம், மலிவு, ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் பூராவும் சரிசெய்யணும். போதாக்குறைக்கு அணில், பெருச்சாளி மாதிரி ஒரு ஜந்து, களைச்செடி எல்லாம் உள்ளே குடிவந்துவிடும். இரண்டு, உறைகிற ஆழத்துக்கும் கீழே கால் நட்டு, ஏணி மாதிரிப் பலகை அடிப்பது. மூன்றாவது கான்கிரீட். சின்ன நடைபாதை மாதிரித் தொடர்ச்சியாக ஒரு பட்டை வார்த்து அதன்மேல் பாதை.

நான் கான்கிரீட் என்று முடிவுசெய்தேன். வேலைக்குப் போகிறவனுக்கு வாராவாரம் மண்டிபோட்டு ஜல்லி இடிக்க எங்கே நேரம்? கணக்கும் போட்டுவிட்டேன். நீள்வட்டமாக 110 அடிப் பாதை, வளைவுகள் 5 அடி ஆரம், பட்டை 6 அங்குல அகலம், 4 அங்குலக் கனம். மொத்தம் 18 கன அடியும் கொஞ்சமும். இங்கே கடையில் மணல், ஜல்லி, சிமெண்ட் எல்லாம் கலந்தே 80 பவுண்டு மூட்டையாக விற்கிறார்கள். ஒரு மூட்டைக்கு 0.6 கன அடி. ஆக 31 மூட்டை. ஒரு டன்னுக்கும் மேலே.

2022 மே மாசம் அப்பா வந்தார். எழுபத்தொன்பது வயது. அம்மா போனதற்குப் பிறகு தனியாக வந்த முதல் பயணம். திட்டத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கேஜ் என்னய்யா?"

"மீட்டர் கேஜ்ப்பா."

அவர் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்று சொல்லமுடியாது. பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "கான்கிரீட் வேண்டாம்."

"சென்னை மெட்ரோவே கான்கிரீட்லதாம்ப்பா ஓடுது. ஜப்பான்ல புல்லட் ரயில் அதுலதான் போகுது."

"அது பாலத்து மேல போகுது, இல்லாட்டி சுரங்கத்துக்குள்ள போகுது. கீழ அசையாம இருந்தா கான்கிரீட் போடலாம். ஒன் தரை வருஷத்துக்கு ரெண்டு தடவ மூச்சு வாங்குதுன்னு நீதான சொல்லுத? ஜல்லின்னா எறங்குன எடத்துல நாலு ஆளு நின்னு பேக்கிங் போட்டுத் தூக்கிருவான். கான்கிரீட் எறங்குனா என்னலே செய்வ?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்குள் அடுத்ததைக் கேட்டார்: "தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு பாத்தியா?"

அப்பாவைப் பொறுத்தவரை மலைப்பாதையில் எதிரி ரயில் பாரம் இல்லை, தண்ணீர். மழைக்காலத்தில் ராத்திரியில் லாந்தரோடு பாதையோரம் நடக்கிற பேட்ரோல்மேன்களை அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பும் வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தவர். அதனால் மழை வரும் வரை ஒரு மண்வெட்டி மண்கூட எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். மழை வந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியைத் தோட்டத்து நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். என் மகள் ஐஸ்கிரீம் குச்சிகளோடு தாத்தா கைகாட்டின இடமெல்லாம் ஓடி ஓடிக் குத்தினாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. ஏற்கனவே 811-க்கு போன் போட்டுச் சொல்லி, பூமிக்கடியில் ஓடுகிற இணைப்புகளைக் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். கேஸுக்கு மஞ்சள் கொடி, கரண்டுக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், போனுக்கு ஆரஞ்சு. (தோண்டுவதற்கு முன்னால் இங்கே இதைக் கட்டாயம் செய்யணும், காசு கிடையாது.) கொடியும் குச்சியுமாகத் தோட்டம் ஏதோ கட்சி மாநாட்டுத் திடல் மாதிரி ஆகிவிட்டது. வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கிற பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் குடையை எடுத்துக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் நின்றுகொண்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. தண்ணீர் ஓடுகிற பக்கம் மட்டும் இரண்டு பேர் விரலும் ஒன்றாகப் போனது.

மூன்று இடத்தில் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்கிறது என்று தெரிந்தது. கான்கிரீட் பட்டை அந்த இடங்களில் அணை மாதிரி நின்றிருக்கும். பின்னால் தேங்குகிற தண்ணீர் களிமண்ணில் ஊறும், டிசம்பரில் ஐஸ் அடையாகும். அங்கே எல்லாம் பட்டைக்குக் கீழே குழாய் வைப்பது என்று முடிவாயிற்று. அப்பா பாஷையில் கல்வெர்ட்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பேச்சு வந்தது. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மூட்டைக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டம்மா தட்டை எடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்:

"என்னங்க, ஒரு டன் கான்கிரீட்டை இந்த மண்ணுல ஊத்தப் போறீங்க. அப்போ நாம ஊருக்குத் திரும்பிப் போறதில்லைன்னு முடிவு பண்ணியாச்சா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வெளிநாட்டில் இருக்கிற நம்மாட்களுக்கு இந்த 'இன்னும் அஞ்சு வருஷம்' பற்றித் தெரிந்திருக்கும். நாங்கள் அதை மூன்று தடவை சொல்லி முடித்து நாலாவதில் இருந்தோம். வீடு வாங்கினபோதுகூட, விற்றுவிடலாம் என்று ஒரு சமாதானம் இருந்தது. அந்த மேஜையில் என்னிடம் பதில் இல்லை. அப்பா மோரை ஊற்றிக்கொண்டு, தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தார். எழுந்து கைகழுவப் போனார்.

மறுநாள் காலையில் நான் காபி போட வரும்போது அவர் எனக்கு முன்னால் எழுந்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். என் பேப்பரின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு படம்.

"முழுசையும் ஒரே கல்லா ஊத்தாத. அஞ்சு அடிக்கு ஒரு துண்டு. எடையில ஒரு சின்ன தட்டு. அப்படின்னா ஒரு துண்டு எறங்குனாலும் ஏறுனாலும் அத மட்டும் கடப்பாரையால நெம்பி, கீழ ஜல்லி வச்சு மட்டம் பண்ணிரலாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எடுக்கணும்னாலும் ரெண்டு ஆளு தூக்கிரலாம்."

மருமகள் நின்றுகொண்டிருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அஞ்சடித் துண்டு ஒன்று 55 கிலோ சுமார். ஆமாம், இரண்டு பேர் தூக்கலாம். 110 அடிக்கு 22 துண்டு. நடைபாதையில் விரிசல் தாறுமாறாக ஓடாமல் இருக்க நாலைந்து அடிக்கு ஒரு கோடு கீறிவிடுவார்களே, அதையே முழு ஆழத்துக்கும் கொண்டுபோனால் இவர் சொல்கிற துண்டு. தனித்தனித் துண்டானால் கம்பி கட்டி எல்லாவற்றையும் இணைக்கிற வேலையும் இல்லை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வலைத்துண்டு போதும். கான்கிரீட் வேண்டாம் என்றவரும் கான்கிரீட் வேண்டும் என்றவனும் ஒத்துப்போகிற ஒரு பாதை கிடைத்துவிட்டது.

ஜூனில் தோண்டினோம். பத்து அங்குல ஆழம். ஆறு அங்குலத்துக்கு உடைத்த ஜல்லி போட்டு இடித்தோம். இந்த ஜல்லிதான் முக்கியம், கீழே இருந்து ஈரம் திரிமாதிரி ஏறுவதை இது அறுத்துவிடும். மட்டம் பார்க்க நான் லேசர் கருவி வாங்கலாம் என்றேன். அப்பா கடைக்குப் போய் கண்ணாடி மாதிரித் தெரிகிற ரப்பர் குழாய் ஐம்பது அடி வாங்கி, தண்ணீரை நிரப்பினார். ட்யூப் லெவல். நம்ம ஊர் கொத்தனார் கையில் இருக்குமே, அதேதான். ஒரு முனையில் பேத்தி, இன்னொரு முனையில் தாத்தா. "தாத்தா, தண்ணி ஆடுது!" "நீ ஆடாத தாயி, அது நின்னுரும்."

ஜூலையில் இரண்டு வாரக்கடைசிகளில் வார்ப்பு. வளைவுகளுக்கு மெல்லிய ஹார்ட்போர்டு பட்டையை வளைத்து, முளைக்குச்சி அடித்து சென்ட்ரிங். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படைத் துண்டுகள் முதல் வாரம், இரட்டைப்படை அடுத்த வாரம். முதலில் வார்த்ததே பக்கத்துத் துண்டுக்கு அச்சாகிவிடும், நடுவில் அரை அங்குல ஃபோம் பட்டை. உறைபனி ஊருக்கு என்று, மிக நுண்ணிய காற்றுக்குமிழிகள் உள்ளே வருகிற மாதிரி தயாரித்த கலவை கிடைக்கிறது. உள்ளே இருக்கிற ஈரம் உறைந்து பெருக்கும்போது அந்தக் குமிழிகள் இடம் கொடுக்கும், கான்கிரீட் செதில் செதிலாக உதிராது. அதைத்தான் வாங்கினேன். வாடகைக்கு எடுத்த மிக்ஸர் சுற்ற, நான் சித்தாள், வேலிக்கு அந்தப்பக்கத்துப் பெரியவர் கொத்தனார், அப்பா மேஸ்திரி. தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் தள்ளுவதற்குச் சுலபம் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றும். ஊற்றக்கூடாது. இட்லிமாவுப் பதம் தாண்டினால் கான்கிரீட்டுக்கு வலு குறையும். அப்பா நாற்காலியில் இருந்தபடியே "போதும்லே!" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தத் தமிழ் வார்த்தை மட்டும் அந்தப் பெரியவருக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பார்பிக்யூவில் சாஸ் ஊற்றினால் "போதும்லே" என்கிறார் :-)

வார்த்ததற்குப் பிறகு ஏழு நாள் ஈரம். பழைய பெட்ஷீட்டுகளை விரித்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது அப்பாவின் வேலை. குழாயை வைத்து அடித்துவிடலாமே என்றால் கேட்கவில்லை. ஒரு குவளையும் வாளியுமாக 110 அடியும் நடப்பார்.

இப்போது தண்டவாளம். அதிகம் பேர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. தண்டவாளம் பித்தளை. சூடுபட்டால் கான்கிரீட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி, கோடை வெயிலில் தண்டவாளம் 50 டிகிரி என்று வைத்தால் 70 டிகிரி வித்தியாசம். பத்து மீட்டர் பித்தளை 13 மில்லிமீட்டர் நீளும். கான்கிரீட் 7 மில்லிதான். இரண்டையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் ஏதாவது ஒன்று கோணிக்கொள்ளும், அது கான்கிரீட்டாக இருக்காது.

இதை அப்பாவிடம் நான் விளக்க ஆரம்பித்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. நாற்பது வருஷமாக அவர் செய்ததே இதுதானே! மீட்டர் கேஜில் ஒரு தண்டவாளம் 12 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஃபிஷ் பிளேட்டில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பது அன்றைக்குத் தண்டவாளம் எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்தது. கோடையில் பாதை நெளிந்துவிடாமல் பார்க்க மத்தியான வெயிலில் ஆள் நடக்கணும். எங்கள் தண்டவாளமும் அஞ்சடி நீளம். போடுகிற அன்றைக்கு 30 டிகிரி. கணக்குப்படி அரை மில்லிக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி வேண்டும். அப்பா என் பர்ஸில் இருந்து விசிட்டிங் கார்டு இரண்டை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜாயிண்டிலும் செருகி, தள்ளி, உருவினார். 44 ஜாயிண்ட்டுக்கும். என் உத்தியோகத்துக்கு அந்தக் கார்டுகளால் வேறு பிரயோஜனம் எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

தண்டவாளம் கான்கிரீட்டில் இறுக்கப்படவில்லை. ஒன்றரை அங்குல ஜல்லியில் ஸ்லீப்பர் முழுகிக் கிடக்கிறது. வளைவில் மட்டும் துண்டுக்கு ஒரு ஸ்க்ரூ, அதுவும் நீள்துளையில் தொளதொள என்று. தண்டவாள ஜாயிண்ட் எதுவும் கான்கிரீட் ஜாயிண்டுக்கு மேல் வராது, துண்டின் நடுவில் வரும். இந்த அளவு ஜல்லிக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களா? கோழித்தீவனக் கடை! கோழி அரைப்பதற்காகத் தின்கிற கிரானைட் நுண்கல் மூட்டையில் கிடைக்கிறது. "நீங்க எத்தனை கோழி வளர்க்கறீங்க?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள். ரயில் வளர்க்கிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்படித் தளர்ச்சியாக விட்ட ஜாயிண்டில் கரண்ட் ஒழுங்காகப் பாயாது, பித்தளை வேறு கறுத்துப்போகும். அதனால் தண்டவாளத்தில் கரண்ட் விடவில்லை. வண்டிக்குள்ளேயே பேட்டரி, கையில் ரேடியோ ரிமோட். எஞ்சின் ஒரு அமெரிக்க மோகல். ஒய்.பி. எஞ்சின் கடையில் எனக்குக் கிடைக்கவில்லை. செப்டம்பரில் ஓடியது. அப்பா ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார். பிறகு காதைத் தாழ்த்தி, கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சுற்றைக் கேட்டார். "அஞ்சாவது ஜாயிண்ட் தட்டுது," என்றார். போய்ப் பார்த்தால் ஆமாம், ஒரு பக்கம் ஒரு மயிரிழை உயரம்.

அக்டோபரில் அவர் ஊருக்குத் திரும்பினார். அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்னால் அடித்ததே ஒரு குளிர், பூஜ்யம் ஃபாரன்ஹீட்டுக்கும் கீழே போனது. ஜன்னலில் நின்று பனிக்கு அடியில் இருக்கிற 22 துண்டுகளையும் நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் அப்பா முதலில் கேட்டது உடம்பை இல்லை. "கேப் எவ்வளவு இருக்கு, அளந்தியா?" பனியை விலக்கி அளந்தேன், இரண்டு மில்லி. கணக்குச் சொன்னதும் அதேதான்.

2023 மார்ச்சில் மகளும் நானும் ட்யூப் லெவலோடு இறங்கினோம். 19 துண்டுகள் இரண்டு மில்லிக்குள் இருந்தன. மேப்பிள் பக்கம் மூன்று துண்டு ஏறியிருந்தது, அதிகபட்சம் ஒன்பது மில்லி. தாத்தா வீடியோ காலில் மேற்பார்வை பார்க்க, கடப்பாரையால் நெம்பி, கீழே ஜல்லியை வழித்து, திரும்ப உட்காரவைத்தோம். ஒரு மத்தியான வேலை. ஒரே பட்டையாக வார்த்திருந்தால் அந்த மூன்று இடத்திலும் விரிசல் விட்டிருக்கும், அதை எதுவும் செய்திருக்க முடியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் இதுதான் வழக்கம். எந்தத் துண்டு, எத்தனை மில்லி என்று ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது, தேதி போட்டு மகள் கையெழுத்து. தாத்தா அவளை இப்போது "கீமேன்" என்றுதான் கூப்பிடுகிறார். தினம் பாதை நெடுக நடந்து, கழன்ற சாவியை அடித்து இறுக்குகிற ஆள் அவர்தான் என்று அவளுக்கு விளக்கியும் இருக்கிறார்.

அப்பாவால் இனிமேல் இவ்வளவு தூரம் பிளேனில் வரமுடியாது. டாக்டர் சொல்லிவிட்டார், அவரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. நாங்கள் அஞ்சாவது 'அஞ்சு வருஷ'த்தில் இருக்கிறோம். வீட்டம்மா அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் போன வருஷம் பாதையோரம் செடி நடும்போது, எதையும் துண்டுகளின் விளிம்பை ஒட்டி நடாமல் ஒரு முழம் விட்டே நட்டார். "தூக்கறதுன்னா கை போக இடம் வேணும்ல" என்றார்.

அடுத்த வேலை பாலம். கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் இருக்கிறது. கேஜ் மாறின பிறகும் அதே பாலம்தான் அங்கே நிற்கிறது. அதைத் தோட்டத்துத் தாழ்வான மூலையில் வைக்கலாம் என்று யோசனை. கான்கிரீட்டில் வார்த்துவிடுகிறேன் என்றதும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அது கல் கட்டடம், வார்த்தாலும் மேலே கல்கல்லாகத் தெரியவேண்டுமாம். வளைவில் கல் எப்படி அடுக்கியிருக்கும் என்று ஞாபகத்திலிருந்து வரைந்து வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார், கை நடுக்கம் கோட்டில் தெரிகிறது. ஹார்ட்போர்டில் அச்சு செய்து, உள்பக்கம் களிமண்ணில் கல் வரிசை இழைத்து வார்க்கிறோம். இந்த ஒரு வேலைக்குத்தான் எங்கள் தோட்டத்துக் களிமண் உதவியிருக்கிறது. இதுவரை நாலு கண் ஆகிவிட்டது. இரண்டாவதில் நடுக்கல் கொஞ்சம் சின்னது என்று திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார்.